குளிரவைத்த பாட்டில்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு இன்ஜின் இருக்கிறது. அது எங்கும் போகாது. தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய ஒற்றை சிலிண்டர். மற்ற இன்ஜின்கள் தட்டினால் மெக்கானிக்கிடம் கொண்டுபோவார்கள். இது தட்டாவிட்டால்தான் எங்களுக்குக் கவலை.

பெட்ரோலை அதற்குக் கொடுத்து, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவேன். நல்ல பெட்ரோல் பொறுத்துக்கொள்ளும். பொறியிலிருந்து கிளம்பிய தீ தன்னிடம் வந்து சேரும்வரை காத்திருக்கும். மட்டமான பெட்ரோலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. தீ வருமுன்பே மூலையில் தானாகப் பற்றிக்கொள்ளும். அப்போது உள்ளேயிருந்து யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் வரும். நாக்கிங் என்பது அதுதான். ஒரு பெட்ரோல் எவ்வளவு பொறுக்கிறது என்பதற்கு ஆக்டேன் என்று ஒரு எண். அந்த எண்ணைக் கண்டுபிடித்து எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அதிகம் பேச வேண்டியதில்லை. அதனால்தான் சேர்ந்தேன்.

அன்றைக்கு ஒரு புகார் பாட்டில் வந்தது. ஏதோ ஒரு பங்க்கில் எண்ணெய் போட்ட வண்டிகள் எல்லாம் தட்டுகின்றன என்று புகார். கடைசியாக அங்கே போன டேங்கரிலிருந்து எடுத்த பெட்ரோல். பாட்டிலின் மேல் குறியீடு மட்டும் இருக்கும். எந்த வண்டி, எந்த டிரைவர் என்று சோதிப்பவருக்குத் தெரியக் கூடாது.

வழக்கப்படி குளிர்பெட்டியில் வைத்தேன். பெட்ரோலைச் சூடாகத் திறந்தால் அதிலுள்ள லேசான பாகங்கள் பறந்துவிடும், எண் மாறிவிடும். ஆகவே குளிரவைத்துத்தான் திறக்க வேண்டும். பாட்டில் பழுப்புக் கண்ணாடி. வெளிச்சம் பட்டாலும் பெட்ரோல் கெடும். நன்றாகக் குளிர்ந்ததும் எடுத்து, குலுக்காமல் மூடியைத் திறந்து, மேலாக ஊற்றி இன்ஜினுக்குக் கொடுத்தேன்.

உடனே தட்டியது. அழுத்தத்தைக் குறைத்தேன். அப்போதும் தட்டியது. எண் தெரிந்த பெட்ரோலைக் கொடுத்து இன்ஜினைச் சரிபார்த்தேன். இன்ஜினில் குறையில்லை. மறுபடி பாட்டிலிலிருந்து ஊற்றினேன். மறுபடி சுத்தியல்.

தரத்துக்குக் கீழே என்று எழுதினேன். கலப்படச் சந்தேகம் என்ற இடத்தில் ஆம் என்று போட்டேன். கையெழுத்தும் போட்டேன்.

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது அக்காவின் செருப்பு வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று என்று கிடந்தது. அக்கா டேங்கர் ஓட்டுகிறாள். எங்கள் ஆய்வகம் இருக்கிற டிப்போவில் லோடு எடுக்கிற டிரைவர்களில் அவள் ஒருத்திதான் பெண். அந்த நேரத்துக்கு அவள் வீட்டில் இருக்க மாட்டாள்.

அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "என்னன்னு கேளு. வந்ததுலேருந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. எனக்குப் பதில் சொல்ல மாட்டேங்கறா."

"என்ன ஆச்சு அக்கா?"

"அனுமதி அட்டையைப் பிடுங்கிட்டான் மேலாளர். யார்டுல, எல்லா டிரைவரும் நிக்கிறப்ப." அக்கா கழுத்தைத் தடவிக்கொண்டாள். அட்டை தொங்குகிற கயிறு உரசிச் சிவந்திருந்தது. "நான் வழியில வண்டிய நிறுத்தி, நல்ல பெட்ரோலை எடுத்து வித்துட்டு, கண்ட கழிசடையை ஊத்திக் கலந்துட்டேனாம்."

"நீயா?" என்றாள் அம்மா. "உனக்குத் தயிர்ல உப்பைக் கலக்கவே கை வராதே!"

அக்கா சிரிக்கவில்லை. "லேப்ல நிரூபிச்சாச்சாம். நாளைக்கு விசாரணை. அதுல முடிவாச்சுன்னா இனிமே எந்த டிப்போலயும் எனக்கு லோடு கிடையாது. ஸ்டீயரிங்கை மறந்துட வேண்டியதுதான்." என் பக்கம் திரும்பினாள். "உங்க லேப்ல யாருடி அந்தப் புண்ணியவான்? கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டவன்?"

நான் பையைக் கீழே வைத்தேன். "நான்தான்."

"என்ன?"

என் குரல் எப்போதும் அப்படித்தான். இரண்டாம் முறைதான் கேட்கும். "நான்தான் அக்கா."

அம்மாவின் கத்தி நின்றது.

"என் வண்டின்னு தெரியுமா?"

"தெரியாது. குறியீடு மட்டும்தான் இருக்கும்."

"தெரிஞ்சிருந்தா?"

"அதே எண்தான் எழுதியிருப்பேன்."

அக்கா கையைத் தட்டினாள். "பாத்தியாம்மா? பெத்து வச்சிருக்க பாரு ரெண்டு! ஒண்ணு திருடி. இன்னொண்ணு நீதிபதி."

"இன்ஜின் தட்டுச்சு அக்கா. நான் என்ன செய்ய?"

"சீல் வச்ச டேங்க்குடி! டிப்போல போட்ட சீலு, பங்க்ல அவனுங்க கண்ணு முன்னாடிதான் உடைஞ்சுது. அதுக்குள்ள நான் எப்படி ஊத்துவேன்? மந்திரம் போட்டா?"

"அதை மேலாளர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். பொம்பளைக்கு இவ்வளவு வாயான்னு கேட்டான். உன்னை அப்படி எவனும் கேக்க மாட்டான். நீதான் வாயையே திறக்க மாட்டியே."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சாப்பிடும்போது குழம்பை நகர்த்து என்பதைக்கூட அம்மா வழியாகச் சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அக்கா திருடமாட்டாள். இன்ஜின் பொய் சொல்லாது. இரண்டையும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியில்லை.

காலையில் அந்தக் கோபத்தோடுதான் ஆய்வகத்துக்குப் போனேன். ஒவ்வொரு லோடிலிருந்தும் இரண்டு பாட்டில் எடுப்பார்கள். ஒன்று சோதனைக்கு. இன்னொன்று சீலோடு இருக்கும். தகராறு வந்தால் திறக்க. குளிர்பெட்டியில் இடமில்லாததால் இரண்டாவதைச் சாமான் அறை அலமாரியில் வைத்திருந்தேன். அதை எடுத்து, சீலை உடைத்து, இன்ஜினுக்குக் கொடுத்தேன்.

தட்டவில்லை.

அழுத்தத்தை ஏற்றினேன். தட்டவில்லை. இன்னும் ஏற்றினேன். தரம் என்று எங்கே கோடு போட்டிருக்கிறோமோ அதைத் தாண்டிய பிறகுதான் லேசாக முனகியது. நேற்று எழுதிய எண் எங்கே, இது எங்கே! ஒரே லோடு. ஒரே டேங்கர். அடுத்தடுத்து நிரப்பிய இரண்டு பாட்டில்கள்.

அப்போதுதான் நினைவு வந்தது. நான் இதைக் குளிரவைக்கவில்லை. கோபத்தில் அலமாரியிலிருந்து எடுத்தபடியே திறந்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த அன்று முதலில் சொல்லிக்கொடுத்த விதி. அதை மீறியதற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன். பிறகு திட்டுவதை நிறுத்தினேன். லேசான பாகங்கள் கொஞ்சம் பறந்தால் எண் சற்று அசையும். இவ்வளவு தாவாது.

குளிர்பெட்டியைத் திறந்து நேற்றைய பாட்டிலை எடுத்தேன். மிச்சம் இருந்தது. அதைப் பழுப்புக் கண்ணாடியிலிருந்து வெள்ளைக் கண்ணாடி அளவுக்குழாய்க்கு மெதுவாக மாற்றினேன்.

நடுவில் ஒரு கோடு இருந்தது.

மேலே ஒரு திரவம். அடியில் விரல் உயரத்துக்கு இன்னொரு திரவம். குழாயைச் சாய்த்தால் கோடும் சாய்ந்தது.

எங்கள் டிப்போவுக்கு வரும் பெட்ரோலைத் தனியாக நிறுத்தினால் தேறாது. லாரியில் ஏற்றும்போது பத்தில் ஒரு பங்கு ஆல்கஹால் சேர்க்கிறோம். ஆல்கஹால் லேசில் தானாகப் பற்றாது. ஆவியாகும்போது சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். அது கூட நிற்பதால்தான் அந்தப் பெட்ரோலுக்கு அவ்வளவு பொறுமை வருகிறது. ஆனால் ஆல்கஹாலுக்குப் பெட்ரோலைவிடத் தண்ணீரைப் பிடிக்கும். கலவையில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால், சூடாக இருக்கிறவரை தெரியாது. எல்லாம் ஒன்றாகத் தெளிவாகத்தான் இருக்கும், அலமாரியில் இருந்த பாட்டில்போல. குளிர்ந்தால் பெட்ரோலால் தண்ணீரைத் தாங்க முடியாது. தண்ணீர் பிரிந்து கீழே போகும். போகும்போது ஆல்கஹாலையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். மேலே நிற்பது வெறும் பெட்ரோல்.

அந்த வெறும் பெட்ரோலைத்தான் நான் இன்ஜினுக்குக் கொடுத்திருந்தேன். விதிப்படி குளிரவைத்து, விதிப்படி இருட்டுப் பாட்டிலில் வைத்து, குலுக்காமல், மேலாக ஊற்றி. ஆல்கஹால் இல்லாத காலத்தில் எழுதிய விதி. ஒருவரும் திரும்பப் பார்க்கவில்லை. நானும்தான்.

பங்க்கிலும் இதேதான் நடந்திருக்க வேண்டும். தரைக்கடியில் இருக்கும் தொட்டி குளிர்ச்சி. அங்கேயும் பிரிந்து, வெறும் பெட்ரோல் வண்டிகளுக்குள் போயிருக்கிறது. வண்டிகள் தட்டின.

அப்படியானால் தண்ணீர் எங்கேயிருந்து? டேங்கருக்குச் சீல் இருந்தது. பெட்ரோல் தொட்டியில் தண்ணீர் இறங்கினால் அடியில் தங்கும். காலையில் குழாயைத் திறந்து வடித்துவிடுவார்கள். ஆல்கஹால் தொட்டியில் தண்ணீர் தங்காது. விழுந்த இடத்திலேயே கரைந்துவிடும். வடிக்கவும் எதுவும் இருக்காது. அந்தத் தொட்டியின் மேல்மூடி உடைந்து, தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்ததை டிப்போவில் பார்க்காதவர் இல்லை. போன வாரம் முழுக்க மழை.

தொட்டியிலிருந்து ஆல்கஹால் பிடித்து வந்து அடர்த்திமானியை மிதக்கவிட்டேன். மூழ்க வேண்டிய அளவுக்கு அது மூழ்கவில்லை. தண்ணீர்.

எங்கள் ஆய்வகத் தலைவரை முதுகுக்குப் பின்னால் சுத்தம் சார் என்போம். கை கழுவாமல் பேனாவைத் தொடமாட்டார். அவர் அறைக்குள் அளவுக்குழாயைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். என்ன சொல்வதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். சொல்லத் தேவைப்படவில்லை. அவர் கோட்டைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"யாராவது பாத்தாங்களா?"

அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"இல்ல சார். சார், ஆல்கஹால் டேங்க்ல..."

"தெரியுது, தெரியுது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழைக்குப் பிறகு அந்தத் தொட்டி நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவர் அவர். தொட்டிக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்கமாட்டார். செருப்பில் சேறு ஒட்டும். "உனக்கு என்ன வேணும்? உன் அக்கா தப்பிக்கணும். அவ்வளவுதானே? ரெண்டாவது பாட்டில் தேறிடுச்சுன்னு எழுது. முதல் சோதனையில உன் கவனக்குறைவுன்னு எழுது. உன் அக்காவுக்கு அட்டை கிடைச்சிடும். உனக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. அதுவும் பேருக்கு."

"டேங்க் சார்?"

"அது பாட்டுக்கு மெதுவா காலியாயிடும்."

மெதுவாகக் காலியாகிவிடும். லாரி லாரியாக, பங்க் பங்க்காக, முன்பின் தெரியாதவர்களின் இன்ஜின்களுக்குள் காலியாகிவிடும். எனக்குக் காது சுட்டது. குழாயை எடுத்து அவர் சுத்தமான மேசையின் மேல் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது.

"சரி சார்" என்றேன். என் வாயில் வந்தது அதுதான். பழக்கம். வெளியே வந்ததும் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது.

கோடு விழுந்த குழாயைத் திரும்பக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு யார்டுக்குப் போனேன். அக்கா விசாரணைக்கு வந்திருந்தாள். டிரைவர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். லோடுக்குக் காத்திருக்கும் வரிசையில் அடுத்த வண்டி சிரிப்பு அண்ணனுடையது. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அதனால் அந்தப் பெயர்.

"இதுதான் உன்னை மாட்டிவிட்ட தங்கச்சியா?" என்று கேட்டார், முகம் மாறாமல்.

"ஆமாண்ணே. எதிரியை வெளியில தேட வேண்டியதில்ல. சோறு போட்டு வீட்லயே வளத்திருக்கோம்."

"அக்கா, ஒரு நிமிஷம் வா."

அவளை வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் மெல்லத் தளர்ந்தது. நேற்றிலிருந்து இறுகியிருந்த முகம். அவள் கண் கலங்கியதை நான் அதற்கு முன் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

"அப்ப எழுதிக் குடுடி. இன்னும் என்ன நிக்கற?"

"எழுதினா டேங்க்ல தண்ணி அப்படியே இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும்! டேங்க் என்ன என் மாமனார் வீட்டுதா?"

"இன்னைக்கு ஏத்தற லோடு எல்லாமே அப்படித்தான் அக்கா. பங்க்ல போய்ப் பிரியும். வண்டி தட்டும். புகார் வரும். மறுபடி எனக்கு ஒரு பாட்டில் வரும்."

அக்கா வரிசையைப் பார்த்தாள். சிரிப்பு அண்ணன் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். "அடுத்து அந்தாளா?"

"யாரா வேணா இருக்கலாம். உனக்கு அட்டை கிடைச்சா, மறுபடி நீயாவும் இருக்கலாம்."

"இதைப் போய் அந்த சுத்தத்துகிட்ட கேட்டியா? கேக்கல. சரி சார்னுட்டு வந்திருப்ப." என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "படிச்சிருக்கல்ல? உள்ள போய்ப் பேசுடி! எனக்காக ஒரு தடவை வாயைத் திற!"

அதற்குள் அக்காவை விசாரணைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். குளிர்பெட்டிக்கு ஓடிக் குழாயை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன். மேலாளர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அக்காவின் அட்டை அவர் முன்னால் மேசையில் கிடந்தது. சுத்தம் சார் ஏற்கெனவே அங்கே இருந்தார்.

"சார், இதைப் பாருங்க" என்றேன்.

"என்னம்மா?" என்றார் மேலாளர். என் குரல் அவருக்குக் கேட்கவில்லை.

"குடும்மா, நான் விளக்கறேன்" என்று சுத்தம் சார் குழாயை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். எங்கள் ஆய்வகம் எவ்வளவு பழையது. எவ்வளவு நம்பகமானது. இளம் பெண், அனுபவம் போதாது, அக்கா பாசம். பேசப் பேசக் குழாயை உள்ளங்கைகளில் உருட்டினார். வார்த்தைக்கு வார்த்தை ஆட்டினார். மின்விசிறி வெறும் சூட்டைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் என்ன செய்கிறார் என்று எனக்குப் புரிந்தபோது அவர் பேச்சு முடிந்துவிட்டது.

குழாயை மேசையில் வைத்தார். உள்ளே ஒரே திரவம். கண்ணாடிபோலத் தெளிவு.

"எங்கேம்மா? ஒண்ணும் இல்லையே" என்றார் மேலாளர்.

சுத்தம் சார் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

மேலாளர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "கவனக்குறைவு, மன்னிக்கவும்னு உன் தலைவர் எழுதி வச்சிருக்கார். கையெழுத்துப் போடு. உன் அக்கா அட்டையை எடுத்துக்கிட்டுப் போகட்டும். வெளியில லோடு நிக்குது."

பேனாவை எடுத்தேன். அக்கா அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் படம். சிரிக்காமல், நேராகப் பார்க்கிற படம். கையை நீட்டினால் எட்டிவிடும் தூரம்.

"மாட்டேன்."

"என்ன?"

"மாட்டேன்!" அந்த அறைக்கு அது ரொம்பச் சத்தம். நிறுத்த முடியவில்லை. "அவர் கையால சூடு பண்ணிக் குலுக்கிட்டார்! உங்க கண்ணு முன்னாடி! ஆல்கஹால் டேங்க்ல மழைத்தண்ணி இருக்கு. அது அவருக்குத் தெரியும். டேங்க் மெதுவா காலியாயிடும்னு என்கிட்ட சொன்னார். எங்க போய்க் காலியாகும்? யார் வண்டியில? என் சோதனை தப்புத்தான், நான் ஒத்துக்கறேன். ஆனா தண்ணி நான் ஊத்தல. என் அக்காவும் ஊத்தல!"

"குரலைத் தாழ்த்திப் பேசு" என்றார் மேலாளர்.

"இத்தனை நாள் தாழ்த்தித்தான் பேசினேன்!"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள், யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல். "ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றாள். "இதைத் திரும்பக் குளிரவச்சா அந்தக் கோடு வருமா, வராதா?"

"வரும்."

"சத்தியமா?"

"வரும் அக்கா."

அவள் அட்டையைத் தொடவில்லை. குழாயை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

"ஏய், அதை எங்க கொண்டுபோற?" சுத்தம் சார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

டிரைவர்கள் குடிதண்ணீர் வைக்க ஒரு ஐஸ்பெட்டி வைத்திருப்பார்கள். அக்கா அதை நிழலுக்கு இழுத்து, மூடியைத் திறந்து, குழாயின் வாயை அடைத்து, ஐஸ்தண்ணீரில் கழுத்துவரை அமிழ்த்திப் பிடித்தாள். எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"என்னம்மா, சரக்கா?" என்றான் ஒருவன். "எங்களுக்கும் கொஞ்சம் ஊத்து."

"நீ தினமும் ஏத்திட்டுப் போற சரக்குதான். பொறு, பாப்ப."

"எல்லாரும் அவங்கவங்க வண்டிக்குப் போங்க" என்றார் மேலாளர் பின்னாலிருந்து. ஒருவரும் திரும்பவில்லை. காத்திருந்தோம். அக்காவின் கை சிவந்தது. குழாய் நிறையப் பெட்ரோல் இருக்கிறது, குளிர நேரம் ஆகும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அக்கா ஒரு முறை வெளியே எடுத்தாள். தெளிவாக இருந்தது. யாரோ உச்சுக்கொட்டினார்கள். சுத்தம் சார், "பாத்தீங்களா?" என்றார்.

அக்கா திரும்ப அமிழ்த்தினாள். "கையை எடு, நான் பிடிக்கறேன்" என்றேன். "போடி" என்றாள்.

அடுத்த முறை எடுத்தபோது உள்ளே மூட்டமாக இருந்தது. பால் சொட்டு விட்டதுபோல் மூட்டம். பிறகு அது சின்னச் சின்ன மணிகளாகத் திரண்டு கீழே இறங்க ஆரம்பித்தது. மணிகள் அடியில் சேர்ந்தன. மெல்ல மெல்ல, கண்ணெதிரே, கோடு வந்தது.

சிரிப்பு அண்ணன் குனிந்து கிட்டத்தில் பார்த்தார். "கீழே என்ன?"

"தண்ணி. ஆல்கஹாலையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு" என்றேன்.

"மேல?"

"வெறும் பெட்ரோல். அதுதான் இன்ஜினைத் தட்டுது."

அவர் நிமிர்ந்தார். அவர் வண்டி லோடிங் குழாய்க்கு அடியில் நின்றுகொண்டிருந்தது. "இதை நான் ஏத்திட்டுப் போவேன். பங்க்ல தட்டும். அப்புறம் என் கழுத்துலேருந்து அட்டையைப் பிடுங்குவீங்க. அப்படித்தானே சார்?"

சிரிப்பு அண்ணன் போய் வண்டியில் ஏறி, ஏற்றாமலேயே அதைக் குழாய்க்கடியிலிருந்து ஓரமாக எடுத்தார். அந்த இடம் காலியாக நின்றது. வரிசையில் எந்த வண்டியும் அதற்குள் நகரவில்லை. பின்னால் ஒரு ஹாரன் எழுந்தது. இன்னொன்று சேர்ந்துகொண்டது. பிறகு யார்டு முழுக்க அதே சத்தம்.

மேலாளர் சுத்தம் சாரிடம் ஏதோ சொன்னார். அவர் முகம் வெளுத்தது. லோடிங் ஆளைக் கூப்பிட்டு ஆல்கஹால் வால்வைப் பூட்டச் சொன்னார்கள். பூட்டுகிறவரை ஹாரன் நிற்கவில்லை.

பிறகு மேலாளர் அக்காவிடம் வந்து அட்டையை நீட்டினார். "இந்தா. போ."

அக்கா ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். வாங்கவில்லை. "பிடுங்கறப்ப எல்லாருக்கும் கேக்கற மாதிரி என்ன சொன்னீங்க?"

"அது விசாரணையில..."

"திருடின்னு சொன்னீங்க. இதே இடத்துல. இப்ப இல்லைன்னு சொல்லிட்டுக் குடுங்க."

மேலாளர் சுற்றிலும் பார்த்தார். ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல சார்!" என்றது கூட்டம்.

"இவங்க மேல தப்பு இல்ல" என்றார்.

"திருடல" என்றாள் அக்கா.

"...திருடல."

அவள் அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கயிறு பட்ட இடம் எரிந்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தாள்.

போகிற வழியில் மேலாளர் என் பக்கம் நின்றார். "நீ நாளையிலேருந்து வர வேண்டியதில்ல." சத்தமில்லாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

அக்கா பார்த்துவிட்டாள். "என்னடி சொன்னான்?"

சொன்னேன்.

"மெதுவா சொன்னானா?" அவள் குரல் மறுபடி ஏறியது. "எல்லார் முன்னாடியும் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லையா?"

"விடு அக்கா. உனக்கு அட்டை கிடைச்சிடுச்சுல்ல."

"விடறதா? நீ என்னைத் திருடின்னு எழுதினதுக்கு வீட்ல உனக்கு இருக்கு. அது வேற கணக்கு. அதை நானும் அம்மாவும் பாத்துக்கறோம்." என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஐஸ்தண்ணீரில் ஊறிய கை, சில்லென்று இருந்தது. "இப்ப வா. அவன்கிட்டப் போய்க் கேளு, எதுக்கு வர வேண்டாம்னு. நீயே கேளு. நான் பக்கத்துல நிக்கறேன், வாயைத் திறக்க மாட்டேன்."

"நீயா?"

"முடிஞ்ச மட்டும்."

மேலாளர் படியேறிக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டேன். அவர் முதல் முறையே திரும்பினார்.